முனியாண்டியின் த்ரீ நொட் த்ரீ

போன கிழமை என் நெற்றியில் ஒரு துப்பாக்கியை வைத்தார்கள்.

பதறாதீர்கள். கொள்ளையும் இல்லை, கடத்தலும் இல்லை. ஆயுத பூஜை. நானேதான் வரிசையில் நின்று, கண்ணை மூடி, நெற்றியை நீட்டினேன்.

டீச்சர் வேலைக்காகப் பதுளைக்குக் குடிவந்து, பென்ஷனும் எடுத்தாயிற்று. ஆனால் பிறந்தது லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். ஆயுத பூஜைக்கு மட்டும் தவறாமல் அங்கே போய்விடுவேன். அந்தத் தோட்டத்து முனியாண்டி கோயிலில் அரிவாளுக்கும் வேலுக்கும் நடுவே ஒரு துப்பாக்கியும் உண்டு. கடைசி வெள்ளைக்காரத் துரை நாட்டை விட்டுப் போகும்போது சாமிக்குக் கொடுத்தது என்பார்கள். வருடம் முழுக்கப் பட்டுத் துணிக்குள் இருக்கும். பூஜை அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நல்லெண்ணெய் வரும். எண்ணெய்க் காப்பு, சந்தனப் பொட்டு, செவ்வரளி மாலை. பிறகு பூசாரி முருகேசண்ணன் அதைத் தூக்கி, குழாய் முனையை விபூதியில் தொட்டு, ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒற்றுவார். பயம் போகுமாம்.

இந்த முறை நான் போய்ச் சேர்வதற்குள் எண்ணெய்க் காப்பு முடிந்துவிட்டது. காரணம் சுனில். என்னை வழக்கமாக ஏற்றிப் போகும் ஆட்டோக்காரர். ஒரு காலத்தில் ஆமியில் ஆயுதக் கிடங்கு வேலை பார்த்தவர். வழியில் அவருக்கு இரண்டு தரம் தேநீர் வேண்டும். தமிழ் நன்றாகப் பேசுவார். முனியாண்டி மேல் பக்தியும் உண்டு. மற்ற வருடங்களில் வெளியே ஆட்டோவிலேயே இருந்துவிடுவார். இந்த வருடம் எனக்குப் பின்னால் அவரும் வரிசையில் நின்றார்.

என் நெற்றியில் ஒற்றியாயிற்று. இரும்பு சில்லென்று இருந்தது. அடுத்தது சுனில். துப்பாக்கி அவர் முகத்துக்கு நேரே வந்ததும் சட்டென்று ஒதுங்கிக்கொண்டார்.

"என்னா தம்பி, சாமிக்கிட்ட பயமா?" என்றார் முருகேசண்ணன்.

"சாமிக்கிட்ட பயம் இல்ல ஐயா. ஆமில மொத நாள் சொல்லிக் குடுத்தது இதான். துப்பாக்கி வாய்க்கு முன்னால நிக்கக் கூடாது. கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தர்றேன்."

வாங்கிய கையோடு கூரையைப் பார்த்துப் பிடித்தார். சந்தனப் பொட்டைத் துடைத்தார். அதற்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தள்ளி, பக்கத்தில் இருந்த கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தார். வெண்ணெயில் கத்தி போவது போல் வந்தது.

டிங்... சிமெந்துத் தரையில் ஏதோ விழுந்து உருண்டது. விரல் நீளத் தோட்டா.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றது ஆறு வயதுக் குழந்தை. அந்தப் பிள்ளையின் நெற்றியில் விபூதி வட்டமாக, குழாயின் அச்சாகவே பதிந்திருந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சேஃப்டி போட்டிருந்திச்சு. அதான் தப்பிச்சீங்க" என்றார் சுனில். "நீங்க வருஷா வருஷம் பொட்டு வச்சது அந்த சேஃப்டி மேலதான். கொஞ்சம் அழுத்தித் தேச்சிருந்தா..."

"அது வெடிக்குமா? அம்புட்டுப் பழசு தம்பி" என்றார் முருகேசண்ணன்.

"வெடிக்கும்னும் சொல்ல மாட்டேன், வெடிக்காதுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா துப்பாக்கி புதுசு மாதிரி இருக்கு. எங்க கேம்ப்ல கூட இப்படி எண்ணெய் போட்டதில்ல."

கேட்டீர்களா? நம்முடைய பக்திதான் அதைச் சாகவிடாமல் வைத்திருந்தது.

அது த்ரீ நொட் த்ரீ ரைபிளாம். வெள்ளைக்காரன் இரண்டு உலகப் போரிலும் தூக்கிய ரகம். பிறகு நம் ஆமிக்கு வந்தது. ஆமிக்கு எஸ்எல்ஆர் துப்பாக்கி வந்ததும் இது பொலிசுக்கும் காவல்காரனுக்கும் இறங்கியது. அதைவிடப் புதிய டீ ஃபிஃப்டி சிக்ஸ் வந்த பிறகு அதுவும் போய், பள்ளிக்கூடக் கெடற் படைப் பிள்ளைகள் அணிவகுப்பில் தோளில் சாய்க்கும் கட்டையானது. இங்கே மட்டும் அது சாமியானது. வெளியே அந்த ரகத்தின் வேலை மாறிக்கொண்டே போனாலும் இதன் வயிற்றில் இருந்தது மாறவில்லை. இத்தனை பேரில் ஒருவருக்காவது திறந்து பார்க்கத் தோன்றியதா? எனக்கே தோன்றவில்லையே. ஐந்தாம் வகுப்பிலிருந்து நெற்றியை நீட்டுகிறேன்.

முருகேசண்ணன் வெறும் பட்டுத் துணியை மடித்துக்கொண்டே சொன்னார். சண்டைக் காலத்தில் ஆமி தோட்டத்தைச் சுற்றி வளைத்தபோதெல்லாம் பட்டுத் துணியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். அன்று பிரித்திருந்தால்?

"தமிழன் கையில துப்பாக்கி. உள்ள வச்சிருவாங்க டீச்சர். எனக்குப் பின்னால மூணு பொம்பளப் புள்ளைக இருக்கு."

"ஆற்றில் போட்டுவிடலாமா?" என்றேன். ஆமாம், நான்தான். வாராவாரம் உங்களுக்குப் புத்தி சொல்லும் அதே ஆள்.

சுனில் என்னை ஒரு பார்வை பார்த்தார். "டீச்சர், பத்திரிகைல எழுதுற நீங்களா இப்படிச் சொல்றது?" அவரே பொலிசுக்குப் போன் பண்ணினார்.

ஜீப் வந்தது. சார்ஜன்ட் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புத்தகத்தைத் திறந்துகொண்டு சிங்களத்தில் ஏதோ கேட்டார். சுனில் தமிழில் சொன்னார்.

"இவ்வளவு நல்லா வச்சிருக்காங்களே, யாரு இதுக்கு எண்ணெய் போட்டதுன்னு கேக்கறாரு. அந்த ஆளோட பேரு வேணுமாம்."

முருகேசண்ணன் ஓரடி முன்னால் வைத்தார். வாய் திறப்பதற்குள், பின்னால் நின்ற கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி சொன்னாள்.

"நான்தாங்க ஊத்துனேன். காலையில கூட."

"நானுந்தாங்க" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"எங்க வீட்டு எண்ணெயும் இருக்குதுங்க."

அப்படியே வாசல்வரை போனது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கொடுப்பது போல் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கிழவர்கள் சொன்னார்கள், அந்தக் குழந்தையின் அம்மாவும் சொன்னாள். சார்ஜன்ட் ஐந்தாறு பெயர்களை எழுதினார். பிறகு எழுதியதை ஒரே கோடாக வெட்டிவிட்டு, கோயிலில் கண்டெடுக்கப்பட்டது என்று மட்டும் போட்டார். துப்பாக்கி ஜீப்பில் ஏறியது. முருகேசண்ணன் படியில் உட்கார்ந்து விசும்பி அழுதார்.

வருடா வருடம் எண்ணெய் ஊற்றியும் அந்தக் கோயிலில் வாயைத் திறக்காத ஒரே ஆள் நான்தான். இந்த வருடம் ஊற்றக் கொண்டுபோன நல்லெண்ணெய்ப் போத்தல் கைப்பைக்குள் இருந்தது. பையின் ஸிப்பை மெதுவாக இழுத்து மூடிக்கொண்டேன்.