அப்பா தனியாகப் போன மாலை

மாலை ஐந்தே கால் மணிக்கு, கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் திரும்ப வேண்டிய அப்பா ஏரிப் பக்கம் திரும்பிவிட்டார்.

மாமாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்திருந்த நான்தான் முதலில் பார்த்தேன். அப்பாவுக்குப் பார்வை போய் ஒரு வருடம் இருக்கும். பார்வையற்றோருக்கான அகில இந்தியச் சங்கம் ஒன்றின் கிளையிலிருந்து ஒரு டீச்சர் வீட்டுக்கே வந்து, வெள்ளைக்கோல் பிடித்து நடக்கப் பழக்கினார். அன்று அப்பா முதல்முறையாகத் தனியே ஸ்டேஷன் டீக்கடைக்குப் போய்த் திரும்ப வேண்டும். வீட்டில் யாரும் கூடப் போகக் கூடாது என்பது டீச்சரின் உத்தரவு.

அந்த டீச்சரே சற்றுத் தள்ளி அப்பாவின் பின்னால் வந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் வாயில் விரல் வைத்தார். மாமா முடிந்தவரை குரலைத் தாழ்த்தினார்.

“இன்னாமா நீ? மச்சான் ஏரில உழப்போறாரு, நீ சாமி ஊர்வலத்துக்கு வந்தாப்ல பின்னாலயே வந்துகினு கீற!”

“கூப்பிடாதீங்க சார். இப்ப கையைப் பிடிச்சிட்டா அப்புறம் அவர் வாசலைத் தாண்டவே மாட்டார்.”

“உழுந்துட்டா?”

“விழற மாதிரி இருந்தா நான் ஓடுவேன்.”

சொன்ன டீச்சர் எங்கள் சைக்கிளை இறுகப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு பயப்படுகிறவர் ஏன் சும்மா நிற்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது என் மகள் தனியாக மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போகிறாள். அவள் வரக் கொஞ்சம் தாமதமானாலும், கரையோரம் அப்பாவின் கோல் தரையைத் தொடாமல் வெறுங்காற்றில் ஆடிய அந்த நொடி வந்து என்னை வாசலுக்கு இழுக்கிறது.

கோல் காற்றில் ஆடியதும் அப்பா நின்றார். ஏரிக்காற்று முகத்தில் அடித்திருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ரயில் ஊதியது. தலையைச் சாய்த்துக் கேட்டார். மெல்லத் திரும்பி, வந்த வழியே நடந்தார். எங்களை உரசாத குறையாகக் கடந்து போனபோது மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம், மாமா உட்பட.

நானும் மாமாவும் குறுக்குச் சந்தில் புகுந்து வீட்டுக்கு வந்தோம். அம்மா கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள். இருட்டும் நேரத்தில் அப்பா வந்தார், சட்டையில் டீ சிந்தியிருக்க. அவர் பின்னாலேயே தெருமுனை வரை வந்த டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டார்.

பார்வை போன பிறகு அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வழி தப்பிப் போனதில் ஒருவருக்கு என்ன சந்தோஷம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

“ஏரி வரைக்கும் போயிட்டேன்டி,” என்றார் அம்மாவிடம். “கூட ஒரு ஆளு இல்ல. நானே திரும்பி வந்தேன்.”