பல் டாக்டரிடம் குறித்த நேரம்

ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிறவருக்குத் தெருவில் 'கம்ப்ரஸர்' என்று பெயர். வேலை செய்யும்போது எதையாவது முனகிக்கொண்டே இருப்பார். தம்பி போன பிறகு முனகல் நின்று, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது.

தம்பி பஸ் டிரைவர். நாற்பத்தொரு வயது. ஐந்து வாரத்துக்கு முன்னால் தற்கொலை செய்துகொண்டான். வீட்டில் சண்டை இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, ஒரு வரி எழுதியும் வைக்கவில்லை. அவன் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். யார் கேட்டாலும் மாரடைப்பு என்று சொல்லிவிடும்படி அன்றைக்கே இவரிடம் கேட்டுக்கொண்டாள்.

சொன்னார். சொன்னதோடு முடிந்ததா? உப்பைக் குறைத்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். காலையில் நடந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார், தானே நாற்காலியிலிருந்து எழ முடியாத இன்னொருவர். ஞாயிறு தவறாமல் வரும் சித்தி, "கூடப் பொறந்தவன் நீ, உனக்குமா ஒண்ணும் தெரியலை?" என்று கேட்பாள். மாரடைப்பை நினைத்துத்தான் கேட்டாள். ஆனால் அது இவருக்கு வேறு இடத்தில் போய்க் குத்தியது. தம்பி போன அந்த வாரம், அவன் இரண்டு முறை இவருக்குப் போன் செய்திருந்தான். கையில் வேலை இருந்ததால், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இவர் விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை, தம்பி வீட்டு ஃபிரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறது என்று போயிருந்தார். அலமாரியில் இருந்த தம்பியின் போன் அடித்தது. பல் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண். போன மாதம் குறித்த நேரத்துக்கு அவர் வரவில்லை, வேறு நாள் குறிக்கட்டுமா என்று கேட்டாள். எப்போது குறித்தான் என்று கேட்டார். அவள் தேதி சொன்னாள். சாவதற்கு இரண்டு நாள் முன்பு.

"அவன் இனிமே வரமாட்டான்மா. தற்கொலை பண்ணிக்கிட்டான்."

அவள் தயங்கி, வருத்தம் சொல்லி, போனை வைத்தாள். திரும்பினால் பின்னால் தம்பி மனைவி.

"முன்னபின்ன தெரியாத பொண்ணுகிட்டயா மாமா சொல்லுவீங்க?"

"எத்தனை நாளைக்கும்மா இந்த மாரடைப்பைத் தூக்கிச் சுமக்கறது? பல்லுக்கு நேரம் குறிக்கத் தெரிஞ்சவனுக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே."

அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பல்லு வலின்னா வீட்டையே ரெண்டாக்குவாரு. இதுக்கு மட்டும் வாயே திறக்கலை, மாமா."

அவன்மேல் அவள் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து அவனைத் திட்டினார்கள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதற்கு, கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்தே மழுப்பியதற்கு, போனதற்கு. கடைசியில், எடுக்காமல் விட்ட அந்த இரண்டு போன்களைப் பற்றி இவர் சொன்னார். அவள் சமாதானம் சொல்லவில்லை. அவன் போன அன்று காலை, அவன் முகத்தைப் பார்க்காமலே வேலைக்குக் கிளம்பியதைச் சொன்னாள்.

மறுநாள் ஞாயிறு, தம்பி வீட்டுக்கு வந்த சித்தியும் அதே உப்பில் ஆரம்பித்தாள்.

"அத்தை, அது மாரடைப்பு இல்லை. அவராத்தான் உயிரை விட்டாரு. ஏன்னு எங்களுக்கும் தெரியாது. இனிமே கேக்காதீங்க" என்றாள் தம்பி மனைவி.

சித்தி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சமையலறைக்குப் போய், கிடந்த பாத்திரத்தையெல்லாம் தேய்க்க ஆரம்பித்தாள்.

இப்படி வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் வியாழக்கிழமைதோறும் அரசு மருத்துவமனை மாடியில் கூடிப் பேசுவார்கள் என்று மருந்துக் கடைக்காரர் சொல்லி, இருவரும் போனார்கள். நாற்காலி முதுகை ஒடிக்கிறது, மின்விசிறி சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை, அந்தத் தாடிக்காரர் பேச்சை நிறுத்தவே மாட்டேன் என்கிறார் என்று திரும்பி வரும் வழியெல்லாம் முனகினார் கம்ப்ரஸர். அடுத்த வியாழக்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பி, வாசலில் நின்று அவளை அவசரப்படுத்தினார்.