நெஸ்டா மூடச் சொன்ன சுவர்கள்

எங்கள் தெரு மலைச்சரிவில் ஒரே வரிசையாக ஏறிப்போகும். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய கல் வீடுகள். சுரங்கம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. வீடுகளும் குளிரும்தான் எங்களுக்கு மிஞ்சின. மேல் முனை வீட்டில் நெஸ்டா புரோஸர் தனியாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறும் வேலை. கணவன் இன்னொருத்தியோடு கார்டிஃப் நகரத்துக்குப் போய்விட்டான். மலையிலிருந்து இறங்கும் காற்று முதலில் மோதுவது அவள் வீட்டில்தான். அதற்காக அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. யாருக்காவது உபயோகமான ஒரு சேதி கையில் கிடைத்துவிட்டால் போதும், அதைச் சொல்லி முடிக்கும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளாது.

அப்படி ஒரு சேதியோடுதான், வீடுகளுக்குக் குளிர்த்தடுப்பு செய்யும் கம்பெனியிலிருந்து டாரன் என்ற டை கட்டிய ஆள் அவளிடம் வந்தான். வெளிச்சுவர் முழுக்கத் தடித்த நுரைப் பலகை ஒட்டி மேலே பூசிவிடுவார்களாம். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, புகைபோக்கி, காற்றுத் துளை என்று குளிர் நுழையும் வழியெல்லாம் அடைத்துவிடுவார்களாம். செலவு அரசாங்கத்துடையது. ஆனால் வரிசை முழுக்கச் சம்மதிக்க வேண்டும்.

நெஸ்டா வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெரும்பாலோர் உடனே தலையாட்டினோம். மசியாதவர் குவிலிம் ஒருவர்தான். பழைய சுரங்கத் தொழிலாளி, மனைவியை இழந்தவர். நெஞ்சு நிறையக் கரித்தூசி. இரண்டு வார்த்தை பேசினால் மூச்சுக்காக நிற்பார்.

"என் வீட்டுக்கு ஸ்வெட்டர் போடப் போறியா, பொண்ணே?" என்றார்.

"உங்களுக்குத்தான் போடலாம்னு பாத்தேன், பெருசு. உங்க தொப்பைக்குக் கம்பளி பத்தல."

"வேணாம் விடு. குளிர் எனக்குப் பழகிப்போச்சு."

"குளிர் பழகிருச்சு, சரி. இருமல்? நீங்க இருமுறது தெருவுக்கே கேக்குது. ஒரு வருஷமாச்சும் கதகதப்பா தூங்குங்களேன்."

குவிலிம் வாசலில் நின்றபடி தன் வீட்டுக் கல்லைத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கும்னு நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

"அப்போ உனக்காக. அந்த டை கட்டுனவனுக்காக இல்ல."

முதல் குளிர்காலம் உண்மையிலேயே சொர்க்கம். கம்பளி இல்லாமல் வெறும் சட்டையோடு வீட்டுக்குள் நடமாடினோம். கடையில் நெஸ்டாவைக் கண்டால் பெண்கள் கட்டிக்கொண்டார்கள். குவிலிம் மதுக்கடையில் அவளுக்கு ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்து, "என் ஸ்வெட்டர்காரி" என்று எல்லோருக்கும் காட்டினார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் மழை பிடித்தது. பலகை ஒட்டியதில் சுவர் தடித்துப்போய், வெளியே நீண்டிருக்கும் கூரை விளிம்பு, அந்த இறவாணம், சுவரின் மேல்பக்கத்தை மறைக்கப் போதவில்லை. அந்த இடத்தில் ஒரு தகரப் பட்டையை வைத்துப் பசையால் ஒட்டியிருந்தார்கள். பசை வெடித்தது. மழை பலகைக்குப் பின்னால் இறங்கியது. எங்கள் கல்லும் சுண்ணாம்பும் எந்தக் காலத்திலும் மழையைக் குடித்துக் காற்றில் உலர்ந்துகொண்டவைதான். இப்போது உலர வழியில்லை. உள்ளேயும் எல்லாத் துளையும் அடைத்திருந்ததால் கெட்டில் ஆவியும் எங்கள் மூச்சும் வெளியேற இடமில்லாமல் சுவரிலேயே படிந்தன.

குவிலிமுக்கு சூப் கொண்டுபோன நெஸ்டாதான் முதலில் பார்த்தாள். அவர் கட்டிலுக்குப் பின்னால் சுவர்த்தாள் உரிந்து தொங்கியது. அடியில் கன்னங்கரேலென்று பூஞ்சணம், தரையிலிருந்து அவள் தோள் உயரம்வரை.

"எப்போருந்து இப்படி இருக்கு? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வருத்தப்படுவே." மூச்சு வாங்கிக்கொண்டார். "கதகதப்பாத்தான் இருக்கு, பொண்ணே. அது பொய் இல்ல."

அதன்பிறகு ஒவ்வொரு வீடாகக் கறுத்தது. நெஸ்டா கம்பெனிக்கு போன் செய்தாள். அந்த எண்ணே உயிரோடு இல்லை. கம்பெனியைக் கலைத்துவிட்டார்களாம். அரசாங்க அலுவலகத்தில் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். விடாமல் நச்சரித்து ஒரு பரிசோதகரை வரவழைத்தாள். அவர் சுவரில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாத்தையும் பிரிச்சு எடுக்கணும், மேடம். அதுக்கு ஆகுற காசுல இந்தத் தெருவுல இன்னொரு வீடே வாங்கிறலாம்."

"சரி, யாரு பிரிப்பா?"

"அது என் வேலை இல்லையே."

நெஸ்டா வாளியும் பிளீச்சும் எடுத்துக்கொண்டு மறுபடி வீடு வீடாக வந்தாள், சுவர் தேய்க்க. சிலர் உள்ளே விட்டார்கள். தேய்த்த இடத்தில் பூஞ்சணம் திரும்ப வந்தது. "அடுத்து என்ன நெஸ்டா, கூரைக்குத் தொப்பியா?" என்று கடையில் ஒருவன் கேட்டான். முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு அவள் வந்தால் பேச்சு நின்றது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி கதவைத் திறக்கவே இல்லை. உள்ளே குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விடுவது வாசல்வரை கேட்டது.

குளிர் முடியுமுன்னே குவிலிமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. சுரங்கத் தூசிதான் காரணம் என்றார் மருத்துவர். பூஞ்சணத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்று யாரால் சொல்ல முடியும்?

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் தேநீர் கொடுக்கும்போது நெஸ்டா அவர் மகள் கேரிஸிடம் போனாள்.

"அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான்..."

"தெரியும்," என்றாள் கேரிஸ். "கடைசிவரைக்கும் உங்களைப் பத்தி ஒரு குறை சொல்லல. அதைத்தான் என்னால தாங்க முடியல."

கேரிஸ் தட்டை வைத்துவிட்டு வேறு பக்கம் போனாள்.

வெயில் வந்ததும் நெஸ்டா ஒரு கடப்பாரை வாங்கி, தன் வீட்டுப் பலகைகளைத் தானே பெயர்த்தாள். உள்ளேயிருந்த கல் ஆற்றிலிருந்து எடுத்ததுபோல நனைந்து கறுத்திருந்தது. கைவைத்த இடத்தில் சுண்ணாம்பு கூழாக ஒட்டிக்கொண்டது. நாங்கள் அவரவர் ஜன்னலில் நின்று பார்த்தோம். நான் இறங்கிப்போய்க் கேட்டேன்.

"எங்க வீட்டையும் பிரிச்சா சரியாயிருமா, நெஸ்டா?"

"தெரியாது."

"நீ என்ன நினைக்கிறே?"

அவள் திரும்பவில்லை. "என்னைக் கேக்காதீங்க. தயவுசெஞ்சு எதையும் என்னைக் கேக்காதீங்க."

அவள் சுவர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிட்டது. இப்போது அவளுக்கு ஓதமும் உண்டு, பழைய குளிரும் உண்டு. தெருவில் எந்த வீட்டையும் விற்க முடியவில்லை. கைக்குழந்தைக்காரி வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பள்ளி வேலையை நெஸ்டா விட்டுவிட்டாள். ஏன் என்று என் மனைவி விசாரித்தாள். "சாப்பிடத் தயங்குற பிள்ளைகிட்ட, சாப்பிடு, நல்லா இருக்கும்னு சொல்லணும். எனக்கு வாய் வரல," என்றாளாம்.