ஆம்பூரில் ஒரு நலம் விசாரிப்பு

ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் தாமதம். தோல் மண்டிகளின் நாற்றம் எனக்கு முன்பே பெஞ்சில் இடம் பிடித்திருக்கிறது. ஏடனுக்குக் குமாஸ்தா வேலைக்குப் போகும் நான், பக்கத்திலிருக்கும் இரண்டு தோல் வியாபாரிகளிடம், அரபியில் நலம் விசாரிப்பது எப்படி என்று கேட்கிறேன். ஒருவர் ஜெர்மன் சண்டையின்போது பஸ்ராவில் இருந்தவர். மற்றவர் மக்கா போய்வந்த ஹாஜியார். அடுத்த வாரம் சம்பந்தியாகப் போகிறவர்கள். இருவருக்கும் நடுவில் ஒரே வெற்றிலைப் பெட்டி.

“ஷ்லோனக்னு கேக்கணும்,” என்கிறார் பஸ்ராக்காரர்.

“அது இன்னா பாஷை பாய்? கைஃப் ஹாலக்!” என்கிறார் ஹாஜியார்.

“அப்டி கேட்டா பஸ்ரா கடைத்தெருவுல சிரிப்பானுங்க.”

“ஒட்டகம் மேய்க்கிறவன்கிட்ட கத்துக்கினு வந்து எனக்குச் சொல்றீங்களா?”

“அப்போ உங்க பொண்ணு எங்க வூட்டுக்கு வாணாம்!”

ஹாஜியார் வெற்றிலைப் பெட்டியைத் தன் மடிக்கு இழுத்துக்கொள்கிறார்.

“ஏடனில் எப்படிக் கேட்பார்கள்?” என்கிறேன். அந்த ஊரை இருவருமே பார்த்ததில்லை.

ரயில் வருகிறது. பஸ்ராவுக்கும் மக்காவுக்கும் பொதுவான ஒரே வாழ்த்து, உங்கள்மேல் சாந்தி உண்டாகட்டும் என்கிற சலாம்தான். அதை இருவரும் எனக்கு மட்டும் சொல்லிவிட்டு, வேறு வேறு பெட்டியில் ஏறுகிறார்கள்.