நாய்க்குத் திறந்த கப்பல்

மகேந்திரராசா பதினான்கு வருடமாக நாப்போலிக்குப் போகும் கப்பலில் அறை துடைக்கிறார். கப்பல் பலேர்மோத் துறைமுகத்தில் கட்டியதும் ஏறி, படுக்கை விரிப்புகளை உருவி, கழிப்பறை தேய்த்து, அது புறப்படுமுன் இறங்கிவிட வேண்டும். மேல்தட்டில் சுக்கான் அறைக் கதவில் ‘உள்ளே வரக் கூடாது’ என்று எழுதியிருக்கும். அந்தக் கதவின் கைப்பிடியை மினுக்குவதும் அவர்தான். வெளிப்பக்கம் மட்டும்.

அதனால் போர்கோ வெக்கியோப் பகுதியில் உள்ள தன் வீட்டில், சாப்பாட்டு மேசையில், அவர் கப்டன். கப்பலோட்டும் கேம் ஒன்று. அது ஓடிய பழைய லப்டொப், ஒரு சின்யோரா, இத்தாலிய அம்மா, வேண்டாமென்று கழித்துவிட்டது. அவவின் மகனின் இத்தாலியப் பெயரில் திறக்கும். அது போன மாதம் புகைந்து செத்தது. புதியது வாங்கினார். முதல் தரம் திறந்ததும், ‘உங்கள் பெயர் என்ன?’ என்று அது மரியாதையாகக் கேட்டது. ஒற்றை விரலால், தமிழில், முழுப் பெயரையும் குத்தினார்.

கேம் திறக்கவேயில்லை. அமத்தினால் ஒரு வட்டம் சுற்றும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மறைந்துவிடும். மூன்று தரம் அழித்து ஏற்றினார். வைரஸ் தேடினார். மேசையில் ஓங்கி ஒரு அடியும் அடித்தார்.

மகள் கேசிகா உள்ளே கிண்டிப் பார்த்தாள்.

“அப்பா, பிழை உங்களிலைதான்.”

“என்னடி?”

“உங்கட பேரிலை இருக்கிற ஃபோல்டருக்குள்ளைதான் கேம் தன்ரை சாமானை வைக்கப் பாக்குது. தமிழ் வாசிக்கத் தெரியாமல் விழுந்திடுது. இஞ்சை பாருங்கோ.”

பிழைக் குறிப்பில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

“நான் கேள்விக்குறியோ? அலை கீறியிருக்கிறாங்கள், மழை கீறியிருக்கிறாங்கள், கடற்பறவையைக் கத்த வைச்சிருக்கிறாங்கள். ஒரு மனிசன்ரை பேரை வாசிக்க ஏலாதோ?”

கேம்காரருக்கு எழுதினார்கள். பதில் வந்தது: இலத்தீன் எழுத்தில் சரியான பெயர் ஒன்றைப் பயன்படுத்தவும்.

“சரியான பேரோ!” பெர்மெசோ அட்டையை எடுத்து மேசையில் எறிந்தார். இந்த நாட்டில் இருக்கலாம் என்று சொல்லும் அந்த அட்டையிலும், இடம் போதவில்லை என்று பெயரின் வாலை எவனோ வெட்டியிருந்தான்.

“வேலையிலை ‘மாகோ’ எண்டு சுருக்கிக் கூப்பிடேக்கை திரும்பிப் பாக்கிறனீங்கள்தானே?” என்றாள் மனைவி யோகாம்பாள்.

“அது அவங்கட கப்பல். இது என்ரை.”

ஒரு கிழமை லப்டொப்பைத் தொடவில்லை. வேலையால் வந்து சுவரைப் பார்த்தபடி இருந்தார். கேசிகாவுக்குத் தாங்கவில்லை. அவர் குளிக்கப் போன நேரம் வேறு பெயரில் இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்து, கேமை அதில் ஏற்றிவைத்தாள். அவர் தலை துவட்டிக்கொண்டு வர, திரை சொன்னது: நல்வரவு, கப்டன் பிப்போ.

பிப்போ மேல்வீட்டு நாய். படியில் கண்டால் நாளாந்தம் அவரைப் பார்த்துக் குரைப்பது.

“அந்த நாய்க்குத் திறக்குதோ!”

“அது இலத்தீன் எழுத்திலை குரைக்குது, அப்பா.”

லப்டொப்பை மூடக் கை போனது. திரையில் துறைமுகம், எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. கை நின்றுவிட்டது. இருந்தார். கப்பலின் பெயர் என்ன என்று கேம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் பெயரையே தமிழில் குத்தினார்.

“ஐயோ, திரும்ப விழப்போகுது!” என்றாள் கேசிகா.

விழவில்லை. கப்பலின் முகப்பில் வெறும் வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக வந்தன. அவர் விரல் வைத்து எண்ணினார்.

“ஏழு எழுத்துக்குப் பன்ரண்டு பெட்டி!”

“அட்டையிலை வெட்டினதையும் சேர்த்துத் தந்திட்டாங்கள்.”

அவர் சிரிக்கவில்லை. திரையில் கப்பலின் சங்கை நீளமாக ஊதினார். மேல்வீட்டில் பிப்போ குரைத்தது.

“உவனைச் சுக்கான் அறைக்குள்ளை விடமாட்டன்,” என்றபடி கப்பலைக் கரையிலிருந்து எடுத்தார்.