குப்பிக்குள் ஒரு குமிழி

வெர்னா ஸ்ட்ரைக்கரைத் துணிச்சல்காரி என்று சொல்ல முடியாது. கவனமானவள், அவ்வளவுதான். ஒஹாயோ ஆற்றங்கரையில் டன்மோர் ஃபெர்ரி என்ற சின்ன ஊரின் குடிநீர் நிலையத்தில் பத்தொன்பது வருடமாக வேலை.

போன வசந்தத்தில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து, ஆற்றுநீர் உள்ளே வரும் குழாயில் தலைமுடிப் பருமனுள்ள கண்ணாடி ஒளியிழை ஒன்றைப் பொருத்தினார்கள். அதன்மேல் ரப்பர் போன்ற மெல்லிய பூச்சு. ஆலைகள் ஆற்றில் விடும் கரைப்பான் என்ற நச்சு ரசாயனம் துளியூண்டு தண்ணீரில் கலந்தாலும் பூச்சு அதை உறிஞ்சும். இழைக்குள் ஓடும் ஒளி மங்கும். திரையில் கோடு ஏறும். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: இது ஆராய்ச்சிக்கு மட்டுமே, இதை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கோடை காலத்தில் ஒருமுறை கோடு காரணமில்லாமல் ஏற, வெர்னா குழாயை இரண்டு நாள் மூடிவிட்டாள். ஊர்த் தொட்டி வற்றி, ஊர் அரைநாள் தண்ணீரில்லாமல் கிடந்தது.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்காலுக்குக் கோடு செங்குத்தாக ஏறியது.

"ஓடெல், இங்க வா. குழாய மூடணும்."

நிலைய மேலாளர் ஓடெல் ப்ரூயிட் காப்பிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார். "உன் கண்ணாடி நூலுக்கு மறுபடியும் பேய் பிடிச்சிருச்சா?"

"இந்தத் தடவ நெசம். அன்னிக்கு மெதுவாத்தான் ஏறுச்சு."

"அன்னிக்கும் நெசம்னுதான் சொன்ன. வண்டிக்குத் தண்ணியில்லாம நின்ன தீயணைப்புக்காரன் இன்னும் என்னப் பாத்தா முறைக்கிறான். குப்பில பிடிச்சு லேபுக்கு அனுப்பு. அவங்க ஆமான்னு சொல்லட்டும், தொட்டித் தண்ணியக் கொட்டிட்டு நானே வீடு வீடாப் போய்ச் சொல்றேன்."

சொன்னதைச் செய்கிற ஆள்தான் அவர்.

வெர்னா ஓடினாள். ஒவ்வொரு திங்களும் கிருமிச் சோதனைக்குத் தண்ணீர் பிடிப்பது அவள்தான். அந்தக் குப்பியில் குலுக்குவதற்காக மேலே ஒரு விரல் அளவு காற்று விடவேண்டும். கரைப்பானுக்கு நேர் எதிர்: விளிம்பில் தண்ணீர் புடைத்து நிற்க மூடவேண்டும், ஒரு குமிழிகூட ஆகாது, காற்று இருந்தால் கரைப்பான் தண்ணீரைவிட்டு அதற்குள் போய்விடும். இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவசரத்தில் கை திங்கட்கிழமை வேலையையே செய்தது. குமிழி இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்க்காமல் இரண்டு குப்பியையும் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினாள்.

பத்தரைக்குக் கோடு இறங்கிவிட்டது. அந்த முக்கால் மணி நேரத் தண்ணீர் கரைப்பானைத் தடுக்காத மணல் வடிகட்டியைத் தாண்டி, குன்றின்மேல் இருக்கும் தொட்டிக்குப் போயிருந்தது.

மதியம் தங்கை மகள் டெஸ்ஸாவுக்குப் போன் செய்தாள். டெஸ்ஸாவின் குழந்தைக்கு இரண்டு மாதம், புட்டிப்பால்தான்.

"பாப்பாவுக்குக் குழாய்த் தண்ணியில பால் கலக்காத. கடையில வாங்கிக்கோ."

"ஏன் பெரியம்மா? என்ன ஆச்சு?"

"இன்னும் தெரியல."

"பக்கத்து வீட்டு லொரீன் மாசமா இருக்கா. அவகிட்டயும் சொல்லவா?"

"வேணாம். லேப் சொல்லட்டும்."

லேப் வியாழக்கிழமை மாலைதான் பேசியது. "ரெண்டு குப்பியிலயும் பெரிய குமிழி மேடம். இத நாங்க சோதிக்கவே கூடாது. வேற இருந்தா அனுப்புங்க."

வேறு இல்லை. தொட்டி ஒன்றரை நாளில் காலியாகி நிரம்பிவிடும். செவ்வாய்க்கிழமைத் தண்ணீரை ஊர் குடித்து முடித்திருந்தது.

ஓடெல் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "திரையப் பாரு, பூஜ்ஜியம் காட்டுது. இப்ப நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"ஏறும்போது நம்பல. எறங்கும்போது மட்டும் நம்புறியா?"

"எறங்கினா நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல வெர்னா."

ஒளியிழையைக் கவனித்துவந்த பல்கலைக்கழகத்துப் பையனும் போனில் வருத்தப்பட்டான். ஒப்பிட லேப் முடிவு இல்லாததால் அந்த முக்கால் மணி நேரத்தை ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்க முடியாதாம்.

வெள்ளிக்கிழமை டெஸ்ஸாவே கூப்பிட்டாள். "இனி குழாய்த் தண்ணி குடுக்கலாமா பெரியம்மா?"

"குடு."

"லேப் ஒண்ணுமில்லன்னு சொல்லிருச்சா?"

"லேப் எதுவும் சொல்லல."

"அப்ப லொரீன் இத்தன நாளும் குடிச்சது..." டெஸ்ஸா நிறுத்தினாள். "இனிமே அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

மறுமுனையில் குழந்தை அழ ஆரம்பித்தது. டெஸ்ஸா, "அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.