சிவநேசன் சேரின் மூன்றாவது பெட்டரி

1

அந்த மோட்டார் சைக்கிள் நின்றுபோன இடத்திலிருந்து சோதனைச் சாவடி நூறு கஜ தூரம்கூட இருக்காது. பகல் பதினொரு மணி. சிவநேசன் சேர் கிக்கரை உதைத்து உதைத்துப் பார்த்திருக்கிறார். ஹோர்ன் அடிக்கவில்லை, நியூட்ரல் லைட்டும் எரியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எங்கள் கராஜுக்கு டெலிபோன் எடுக்கக் கடை தேடி வந்த வழியே நடந்திருக்கிறார். யுத்த காலம். சாவடிக்குப் பக்கத்தில் ஒருவன் வண்டியை விட்டுவிட்டு நடந்து போனால், அதில் குண்டு இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். கடை வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

இரண்டு நாள் முன்பு அந்த வண்டியைத் திருத்தி அனுப்பியவன் நான்.

2

அப்போது கண்டி டவுனில் ஒரு கராஜில் எலக்ட்ரிக்கல் வேலை முழுவதும் என் கையில் இருந்தது. நான் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். சிவநேசன் சேர் பேராதனையில் ஒரு லெபோரட்டரியில் வேலை செய்தார். அளந்து பேசுகிற மனிதர். அவருடைய வண்டி பழைய ஜப்பான் மொடல். பெட்டரியில் கரண்ட் இல்லாவிட்டால் ஸ்பார்க் வராது, எஞ்சின் நின்றுவிடும்.

"தம்பி, இது மூண்டாவது பற்றரி. பிழை பற்றரியில இல்லையெண்டு நினைக்கிறன். சார்ஜ் ஏறுதோ எண்டு ஒருக்கா அளந்து பாருமன்" என்றார்.

அவர் சொன்னது சரி. ஆனால் அன்றைக்கு வாசலில் ஏழு வண்டிகள் நின்றன. முதலாளி ஹாஜியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "மீட்டர வெச்சிக்கிட்டு மெனக்கெடாம பெட்டரியப் போட்டு அனுப்பு மகன்."

"இந்தப் பெட்டரி நல்ல சாமான் சேர். இனிமே தொந்தரவு குடுக்காது" என்று சொல்லி மாட்டி அனுப்பினேன். மீட்டர் என் மேசையில்தான் கிடந்தது.

3

அவரைப் பிடித்த மூன்றாம் நாள் அவருடைய மனைவி கராஜுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தம்பி, வண்டி உண்மையாவே பழுதாகித்தான் நிண்டது எண்டு நீங்கள் பொலிசில வந்து சொல்லுவீங்களோ? அவர் சொல்லுறதை அவங்கள் நம்பேல்லை."

"முதலாளிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

ஹாஜியார் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீயும் தமிழன். போனா ஒன்னயும் உள்ள வெச்சிருவாங்க. கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்."

அவர் மேல் பழி போட மாட்டேன். அவர் தடுத்தது எனக்கு வசதியாக இருந்தது. தமிழருக்கு எதிரான கலவரத்தில் நாங்கள் குடியிருந்த லயம் எரிந்தபோது தேயிலைக்குள் ஒளிந்து கிடந்து பார்த்தவன் நான். காக்கிச் சட்டையைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மா மறுபடியும் வந்தபோது பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். இப்படியே ஒன்பது நாள் போயிற்று. மேசையில் கிடந்த மீட்டர் தினமும் கண்ணில் பட்டது. பத்தாம் நாள் ஹாஜியாரிடம் சொல்லாமல், மீட்டரையும் சார்ஜ் பண்ணிய ஒரு பெட்டரியையும் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன்.

4

வண்டி முற்றத்தில் வெயிலில் நின்றது. சீட்டைக் கிழித்துத் தேடியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்: "என்ன பழுது? காட்டு."

பெட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து மீட்டரை வைத்தேன். பதினான்கு வோல்ட். எந்தக் குறையும் இல்லை.

"சார்ஜ் ஏறுகிறதே. அப்படியானால் அவன் சொன்னது பொய்தானே?"

எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாவற்றையும் கூட்டி, "சேர், எஞ்சின் சூடாகட்டும். பதினைந்து நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள்" என்று கெஞ்சினேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போகச் சொல்லவில்லை. பத்து நிமிடம் வரை முள் அசையவில்லை. பிறகு மெல்ல இறங்கியது. பதின்மூன்று. பன்னிரண்டரை. அக்ஸிலேட்டரை முறுக்கினேன், ஏறவில்லை. பன்னிரண்டுக்கும் கீழே போய்விட்டது.

எஞ்சினை நிறுத்தி, உள்ளே கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயரையும் கழற்றினேன். மீட்டரின் ஒரு முனையை வயரிலும் மற்றதை எஞ்சினின் வெளி உலோகத்திலும் வைத்தேன். முள் அசையக் கூடாது. அது ஓடிப்போய் மறுகோடியில் நின்றது. கவரைத் திறந்து காட்டினேன். ஸ்டேட்டர் கொயிலில் ஒரு பக்கம் கருகியிருந்தது. குளிராக இருக்கும்போது பிழை தெரியாது. சூடானால் ஷோர்ட் ஆகும், சார்ஜ் நின்றுவிடும். மூன்று பெட்டரியையும் தின்றது இதுதான்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பிழையோடா வண்டியை அனுப்பினாய்?"

"ஆமாம் சேர். நான் அளந்து பார்க்கவில்லை."

நான் சொன்னதை எழுதி என்னிடம் நீட்டினார். சிங்களம் எனக்குப் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டேன்.

பேனையை மூடிக்கொண்டே சொன்னார்: "அவனை முந்தாநாள் கொழும்புக்கு அனுப்பியாயிற்று. பைலும் போய்விட்டது. இங்கே இருந்தபோது நீ வந்திருந்தால் நானே விட்டிருப்பேன். இதை அனுப்பிவைக்கிறேன். வேறொன்றும் என் கையில் இல்லை."

என்னை அவர் பிடித்து வைக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தே வந்தேன்.

5

ஒன்றரை வருடம் கழித்து அவரை விட்டார்கள். கராஜுக்கு வந்தபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. இடது காது கேட்கவில்லை, வேலையும் போய்விட்டது. பொலிசில் நின்ற வண்டியை நான் எடுத்துவந்து ஸ்டேட்டரை மாற்றி வைத்திருந்தேன். ஸ்டார்ட் செய்து காட்டினேன். சத்தத்துக்கு அவர் ஓரடி பின்னால் போனார்.

"வேண்டாம் தம்பி. ஆருக்காவது குடும். நாங்கள் வவுனியாவுக்குப் போறம்."

"சேர், அம்மா வந்து கேட்டப்பவே நான் போயிருக்கணும். ஒம்பது நாளு பயந்துகிட்டு இருந்துட்டேன்."

வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார்.

"ஓம். மனுசி சொன்னவ" என்றார். பிறகு, "எனக்காண்டி அங்க போனது நீர் ஒராள்தான்" என்றார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். பெட்டரி செத்துவிட்டது என்று வண்டி வந்தால் உடனே புதிது மாட்டாதீர்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டு அளந்து பாருங்கள். இரண்டாவது, உங்கள் கையால் ஒரு பிழை நடந்துவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். முதலாவதை எந்தக் கராஜிலும் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவதை நான் கற்றுக்கொள்ள சிவநேசன் சேரின் ஒன்றரை வருடம் போயிற்று.